யூசர் கேக்கற ஹாஷை பைத்தான்ல எடுக்கறப்ப வர்ற எரர்கள்: அறிகுறிய வெச்சு சரி பண்றது எப்படி

பைத்தான்ல சின்னதா ஒரு ஸ்கிரிப்ட். யூசர்கிட்ட எந்த ஹாஷ் (டேட்டாவுக்கு கைரேகை மாதிரி கணக்கு போட்டு எடுக்கற எண்-எழுத்து வரிசை) வேணும்னு கேக்கணும், அவர் எம்டி5ன்னோ ஷா256ன்னோ ஒரு அல்காரிதம் பேரை டைப் பண்ணா அதை வெச்சு ஃபைலுக்கோ டெக்ஸ்டுக்கோ ஹாஷ் போட்டு குடுக்கணும். இருவது முப்பது வரில முடியற வேலைதான், ஆனா இதுல மாட்டிக்கறவங்க நிறைய பேரு, ஏன்னா தப்பு ரெண்டு இடத்துல ஒளிஞ்சிருக்கலாம்: எந்த அல்காரிதம் எடுத்தோம்ங்கறது ஒண்ணு, அதுக்குள்ள எந்த பைட்ஸை போட்டோம்ங்கறது இன்னொண்ணு. இந்த ரெண்டையும் பிரிச்சு பாக்காம தேடுனா பாதி நாள் போயிடும்.

அதனால எந்த அறிகுறியா இருந்தாலும் முதல்ல இதை பண்ணுங்க. இங்கிலீஷ் சின்ன எழுத்துல ஏ, பி, சி மூணையும் மட்டும் பைட்ஸா குடுத்து ஹாஷ் போடுங்க. எம்டி5ன்னா 900150983ன்னு ஆரம்பிக்கணும், ஷா256ன்னா பிஏ7816பிஎஃப்ன்னு ஆரம்பிக்கணும். இது சரியா வந்துச்சுன்னா அல்காரிதம் எடுக்கற பகுதில கோளாறு இல்ல, பைட்ஸ் பக்கம் போங்க. வரலைன்னா தேர்வு பண்ற கோடைத்தான் பாக்கணும்.

அறிகுறி: "அன்சப்போர்ட்டட் ஹாஷ் டைப்"னு வேல்யூஎரர்

ஹாஷ்லிப்ங்கறது பைத்தானோட ஹாஷ் மாட்யூல், அதுல பேரை வாங்கி ஹாஷ் ஆப்ஜெக்ட் தர்ற ஹாஷ்லிப்.நியூவுக்கு யூசர் டைப் பண்ண பேரை அப்படியே குடுத்தா வர்றது இது. பேரை சாதாரணமா பிரிண்ட் பண்ணி பாத்தா ஒண்ணும் தெரியாது, ரெப்ர் போட்டு பிரிண்ட் பண்ணுங்க, அப்பதான் ஒட்டிக்கிட்டு இருக்கறது எல்லாம் வெளிய வரும். கான்ஃபிக் ஃபைல்ல இருந்து வரி வரியா படிச்சிருந்தா கடைசில நியூலைன் இருக்கும். எங்கயோ இருந்து காப்பி பேஸ்ட் பண்ணதா இருந்தா ஹைஃபனுக்கு பதிலா கொஞ்சம் நீளமான கோடு ஒண்ணு உக்காந்திருக்கும், இல்லைன்னா கண்ணுக்கே தெரியாத ஜீரோ விட்த் ஸ்பேஸ். இந்த கடைசி ஆளு ஸ்ட்ரிப் போட்டாலும் போகமாட்டாரு, ஏன்னா பைத்தான் கணக்குல அது ஸ்பேஸே இல்ல.

அப்புறம் பேரு எழுதற விதம். ஜனங்க ஷா-256ன்னு ஹைஃபன் போட்டு எழுதுவாங்க, பைத்தான்ல அது ஒட்டி எழுதின ஷா256. ஆனா ஷா3 குடும்பத்துல நடுவுல அண்டர்ஸ்கோர் வரும், ஷா3_256ன்னு. அதனால "ஹைஃபனை எல்லாம் எடுத்துட்டா போச்சு"ன்னு ஒரு ரீப்ளேஸ் போட்டு அதை நேரா ஹாஷ்லிப்.நியூவுக்கு அனுப்புனா ஷா256 ஓடும், ஷா3-256 வந்து ஷா3256ன்னு ஆகி அடி வாங்கும். நான் பண்றது என்னன்னா, யூசர் குடுத்ததுல இருந்து ஹைஃபன், அண்டர்ஸ்கோர், ஸ்பேஸ் எல்லாத்தையும் எடுத்துட்டு சின்ன எழுத்தாக்கி, அதே மாதிரி சுத்தம் பண்ண பேருங்களை கீயா வெச்ச ஒரு டிக்ஷனரில தேடறது. ஷா3256ங்கற கீக்கு நேரா ஹாஷ்லிப்.ஷா3_256 இருக்கும், அவ்வளவுதான். யூசர் வெறும் ஷா2ன்னோ ஷா3ன்னோ போட்டாருன்னா நீங்களா 256தான் கேக்கறாருன்னு முடிவு பண்ணாதீங்க, அது ஒரு குடும்பத்தோட பேரு, எது வேணும்னு லிஸ்டை காட்டி திருப்பி கேளுங்க.

ஸ்கிரிப்ட் கமாண்ட் லைன்ல ஆர்கியுமென்ட் வாங்கறதா இருந்தா ஆர்க்பார்ஸ் மாட்யூல்ல சாய்சஸ்னு பேருங்களை குடுத்துட்டா லிஸ்ட் காட்டற வேலைய அதுவே பாத்துக்கும். பெரிய எழுத்துல போட்டா "இன்வேலிட் சாய்ஸ்"னு திட்டுதுன்னா டைப் இடத்துல மேல சொன்ன சுத்தம் பண்ற ஃபங்ஷனையே குடுங்க. டைப் முதல்ல ஓடி அதுக்கப்புறம்தான் சாய்சஸ் செக் நடக்கும், அதனால சாய்சஸ்லயும் சுத்தமான கீங்களையே வைக்கணும்.

அறிகுறி: என் மெஷின்ல ஓடுது, சர்வர்ல மட்டும் அதே எரர்

பேரு சரியாத்தான் இருக்கு, லிஸ்ட்லயும் இருக்கு, ஆனாலும் வேல்யூஎரர். இங்க பாக்க வேண்டியது ஹாஷ்லிப்ல இருக்கற ரெண்டு லிஸ்ட். அல்காரிதம்ஸ்_கேரன்டீட்ங்கறதுல இருக்கறது எல்லா பிளாட்ஃபார்ம்லயும் பைத்தான் தர்றது: எம்டி5, ஷா1, ஷா2 குடும்பம், 3.6 வெர்ஷன்ல இருந்து ஷா3, ஷேக், பிளேக்2 எல்லாம். அல்காரிதம்ஸ்_அவைலபிள்ங்கறதுல இதோட சேத்து அந்த மெஷின்ல இருக்கற ஓப்பன்எஸ்எஸ்எல்ங்கற கிரிப்டோ லைப்ரரி தர்றதும் வரும், அது மெஷினுக்கு மெஷின் மாறும்.

இதுக்கு நல்ல உதாரணம் ரைப்எம்டி160. பிட்காயின் அட்ரஸ் கணக்கு போடற பழைய ஸ்கிரிப்டுங்க எல்லாம் இதை ஹாஷ்லிப்.நியூ வழியாத்தான் எடுக்கும். 2021ல ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 வந்தப்ப இதை லெகசி பக்கம் தள்ளிட்டாங்க, லெகசி சாதாரணமா லோட் ஆகாது. உபுன்டு 22.04ல இருக்கறது 3.0.2, அதுல இந்த ஸ்கிரிப்டுங்க வரிசையா விழுந்துச்சு. 3.0.7ல திரும்ப டீஃபால்ட்டுக்கு கொண்டு வந்தாங்க. அதனால யூசருக்கு காட்டற மெனுவ அவைலபிள் லிஸ்ட்ல இருந்து எடுக்காதீங்க, கேரன்டீட்ல இருந்து எடுங்க. ரைப்எம்டி கட்டாயம் வேணும்னா ஸ்கிரிப்ட் ஆரம்பத்துலயே ட்ரை போட்டு ஒரு தடவை கூப்பிட்டு பாத்து, வேலை செஞ்சா மட்டும் மெனுல சேருங்க.

சர்வர்ல எம்டி5யே வரமாட்டேங்குது, எரர்ல ஃபிப்ஸ்னு ஒரு வார்த்தை இருக்குன்னா அந்த மெஷின் அமெரிக்க அரசாங்க பாதுகாப்பு விதிப்படி பூட்டி வெச்சது, அதுல எம்டி5 மூடியிருக்கும். பேக்கப்ல ஒரே ஃபைல் ரெண்டு தடவை இருக்கான்னு பாக்கற மாதிரி பாதுகாப்புக்கு சம்பந்தம் இல்லாத வேலைன்னா, பைத்தான் 3.9ல இருந்து யூஸ்ட்ஃபார்செக்யூரிட்டின்னு ஒரு ஆர்கியுமென்ட் இருக்கு, அதை ஃபால்ஸ்னு குடுத்தா விடும். பாதுகாப்புக்குன்னா சுத்தி வளைச்சு போகாம ஷா256க்கு மாறிடுங்க.

அறிகுறி: எதை தேர்வு பண்ணாலும் எம்டி5தான் வருது

இஃப் வரிய பாருங்க. சாய்ஸ் == "எம்டி5" ஆர் "எம்டி"ன்னு எழுதியிருப்பீங்க. பைத்தான் இதை ரெண்டா பிரிச்சு படிக்கும், ரெண்டாவது பாதி வெறும் ஒரு ஸ்ட்ரிங், காலியா இல்லாத ஸ்ட்ரிங் எப்பவுமே ட்ரூ, அதனால யாரு எதை டைப் பண்ணாலும் முதல் கதவுலயே உள்ள போயிடும். இன் போட்டு ஒரு டப்புள்ல தேடுங்க. இன்னும் நல்லது இஃப் எலிஃப் வரிசையவே தூக்கிட்டு டிக்ஷனரிக்கு போறது.

இதுக்கு நேர் எதிரா எந்த நம்பரை அழுத்துனாலும் "தவறான தேர்வு"ன்னு வந்தா, இன்புட் தர்றது ஸ்ட்ரிங், நீங்க கம்பேர் பண்றது இன்டோட. டிக்ஷனரி கீயா 1, 2, 3ன்னு நம்பரை வெச்சிருந்தா கீஎரர் வரும், எரர்ல 1 மேற்கோளுக்குள்ள இருக்கும், அதை பாத்தாலே புரிஞ்சுடும். கீங்களையே ஸ்ட்ரிங்கா வெச்சுட்டா இன்டா மாத்தற வேலையும் மிச்சம், யாராவது எழுத்தை டைப் பண்ணா வர்ற வேல்யூஎரரும் மிச்சம்.

அறிகுறி: "செட் ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்" மாதிரி சம்பந்தமே இல்லாத எரர்

இது வந்துச்சுன்னா கோட்ல கெட்அட்டர் இருக்கும், ஹாஷ்லிப்ல இருந்து யூசர் சொன்ன பேரை அப்படியே புடுங்கி கூப்பிடறது. பாக்க அழகா ஒரே வரில முடியுது, ஆனா இதைத்தான் நான் கண்டிப்பா வேண்டாம்னு சொல்றேன். ஹாஷ்லிப்க்குள்ள ஹாஷ் ஃபங்ஷன் மட்டும் இல்ல. யூசர் அல்காரிதம்ஸ்_அவைலபிள்னு டைப் பண்ணா ஒரு செட் வெளிய வரும், அதை கூப்பிட்டா மேல இருக்கற எரர். நியூன்னு டைப் பண்ணா நேம் ஆர்கியுமென்ட் இல்லைன்னு சொல்லும், பிபிகேடிஎஃப்2_ஹெச்மேக்னு டைப் பண்ணா வேற ஏதேதோ கேக்கும். யூசர் டைப் பண்றது மாட்யூலோட எந்த மூலைக்கும் போகலாம்ங்கறதுதான் இங்க பிரச்சனை, இந்த மாட்யூல்ல பெரிய ஆபத்து இல்லாம இருக்கலாம், ஆனா இதே பழக்கத்தோட நாளைக்கு ஓஎஸ் மாட்யூல்ல இதே மாதிரி எழுதுவீங்க. இவால் போட்டிருந்தா அதை இப்பவே அழிச்சுடுங்க, அது யூசர் டைப் பண்ண எதையும் ஓட்டும், ஃபைலை அழிக்கற வரி உட்பட.

வழி அந்த டிக்ஷனரிதான். நீங்க கைப்பட எழுதின ஆறோ ஏழோ பேரு, ஒவ்வொண்ணுக்கும் நேரா ஒரு ஃபங்ஷன், லிஸ்ட்ல இல்லாத எதுவும் உள்ள வராது. தேடறப்ப கெட் போட்டீங்கன்னா கிடைக்காதப்ப நன் வரும், அதை அப்படியே கூப்பிட்டா "நன்டைப் ஆப்ஜெக்ட் இஸ் நாட் காலபிள்"னு வரும், அதனால நன்னான்னு செக் பண்ணிட்டு மெனுவ திருப்பி காட்டுங்க.

அறிகுறி: முதல் ஃபைலுக்கு சரி, ரெண்டாவது ஃபைல்ல இருந்து தப்பு

இது எரரே தராது, அதனால ரொம்ப மோசமானது. ஒரு ஃபைலுக்கு மட்டும் டெஸ்ட் பண்ணிட்டு போனவங்க அப்புறம் ஃபோல்டர் முழுக்க ஓட்டறப்பதான் தெரியும்.

டிக்ஷனரிய திறந்து பாருங்க. ஹாஷ்லிப்.ஷா256க்கு பின்னாடி அடைப்புக்குறி போட்டிருக்கீங்களா? போட்டிருந்தா அந்த இடத்துல இருக்கறது ஃபங்ஷன் இல்ல, டிக்ஷனரி உருவானப்பவே ஒரு தடவை செஞ்சு வெச்ச ஒரே ஒரு ஹாஷ் ஆப்ஜெக்ட். அப்டேட் பண்ண பண்ண அது பழசை மறக்காது, முதல் ஃபைலோட பைட்ஸுக்கு பின்னாடியே ரெண்டாவது ஃபைலோட பைட்ஸும் சேரும், வர்றது ரெண்டையும் ஒட்டி வெச்ச ஃபைலோட ஹாஷ். ஹாஷை எழுத்தா தர்ற ஹெக்ஸ்டைஜஸ்ட்டை கூப்பிட்டா ரீசெட் ஆயிடும்னு சிலர் நெனைக்கறாங்க, ஆகாது. அடைப்புக்குறிய எடுத்துட்டு ஃபங்ஷனை மட்டும் வைங்க, ஒவ்வொரு ஃபைலுக்கும் லூப் உள்ள புதுசா கூப்பிடுங்க. டிக்ஷனரி சரியா இருந்தும் இதே மாதிரி ஆச்சுன்னா ஆப்ஜெக்ட் உருவாக்கற வரி லூப்புக்கு வெளிய இருக்கும்.

சந்தேகமா இருந்தா ஒரே ஃபைலை ரெண்டு தடவை குடுத்து பாருங்க. ரெண்டு ஹாஷும் வேற வேறயா வந்தா இதுதான்.

அறிகுறி: ஷேக் தேர்வு பண்ணா மட்டும் "லெங்த்" இல்லைன்னு டைப்எரர்

ஷேக்_128, ஷேக்_256 ரெண்டுக்கும் அவுட்புட் நீளம் நிலையா கிடையாது, நீங்கதான் எத்தனை பைட் வேணும்னு ஹெக்ஸ்டைஜஸ்ட்ல சொல்லணும். கேரன்டீட் லிஸ்டை அப்படியே மெனுவா போட்டவங்க எல்லாரும் இதுல விழுவாங்க. டைஜஸ்ட்_சைஸ் 0ன்னு வந்தா ஷேக்னு தெரிஞ்சுக்கலாம், அப்ப நீளம் கேளுங்க. இல்ல, யாரும் கேக்கப்போறது இல்லைன்னா மெனுல இருந்தே எடுத்துடுங்க.

அறிகுறி: "ஸ்ட்ரிங்ஸ் மஸ்ட் பி என்கோடட் பிஃபோர் ஹாஷிங்"

பழைய வெர்ஷன்ல இதே எரர் "யூனிகோட் ஆப்ஜெக்ட்ஸ்"னு ஆரம்பிக்கும். ஹாஷுக்கு பைட்ஸ் வேணும், என்கோட் போட்டு யூடிஎஃப்-8ன்னு குடுங்க, முடிஞ்சுது.

தமிழ் டெக்ஸ்டா இருந்தா இங்க முடியாது. "கொ"ங்கற எழுத்தை ரெண்டு விதமா சேமிக்கலாம்: க-வும் முழு ஒகரக் குறியும், இல்லைன்னா க-வுக்கு பின்னாடி ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியா. திரைல ரெண்டும் ஒண்ணேதான், எவ்வளவு உத்து பாத்தாலும் வித்தியாசம் தெரியாது. யூடிஎஃப்-8ல தமிழ் கோட்பாயின்ட் ஒவ்வொண்ணும் 3 பைட், அதனால ஒண்ணு 6 பைட், இன்னொண்ணு 9 பைட், ஹாஷ் சுத்தமா வேற. கோ, கௌ ரெண்டுக்கும் இதே கதைதான். ஒரு பக்கம் கீபோர்ட்ல டைப் பண்ணது, இன்னொரு பக்கம் பழைய ஃபான்ட்ல இருந்து கன்வெர்ட் பண்ணதுன்னு ரெண்டையும் ஹாஷ் வெச்சு ஒப்பிட்டா இது நல்லாவே கடிக்கும். லென் போட்டு பாருங்க, நீளம் மாறுனா இதுதான். என்கோட் பண்றதுக்கு முன்னாடி யூனிகோட்டேட்டா மாட்யூல்ல நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சின்னு குடுத்து கூப்பிட்டா ரெண்டும் ஒண்ணாயிடும். ஆனா ஒண்ணு, ஔ எழுத்துக்கு பதிலா ஒ போட்டு பக்கத்துல ள போட்டு எழுதியிருந்தா என்எஃப்சி அதை தொடாது, அது யூனிகோட் கணக்குல ரெண்டு தனி எழுத்து, அதை நீங்கதான் டேட்டால திருத்தணும்.

நார்மலைஸ் பண்றது டெக்ஸ்டை ஒப்பிடறப்ப மட்டும். ஃபைல் மாறாம இருக்கான்னு பாக்க அதோட ஹாஷை, அதாவது செக்சமை எடுக்கறப்ப ஒரு பைட்டை கூட மாத்தக்கூடாது.

அறிகுறி: ஷா256சம் கமாண்ட் ஒண்ணு சொல்லுது, ஸ்கிரிப்ட் வேற சொல்லுது

டெர்மினல்ல எக்கோ போட்டு ஒப்பிட்டா முதல் சந்தேகம் நியூலைன். எக்கோ கடைசில ஒரு நியூலைன் சேக்கும், பைத்தான் இன்புட் அதை எடுத்துடும். ஹலோங்கற இங்கிலீஷ் வார்த்தைய சின்ன எழுத்துல போட்டு ஷா256 எடுத்தா 2சிஎஃப்24ன்னு ஆரம்பிக்கும், நியூலைனோட எடுத்தா 5891பி5ன்னு ஆரம்பிக்கும். இந்த ரெண்டாவதை பாத்தீங்கன்னா எக்கோவுக்கு பதிலா பிரின்ட்எஃப் போட்டு திரும்ப பாருங்க.

ஃபைலா இருந்தா எப்படி திறந்தீங்கன்னு பாருங்க. பைனரியா, ஆர்பி மோட்ல திறக்கணும். டெக்ஸ்ட் மோட்ல திறந்து படிச்சு திருப்பி என்கோட் பண்ணா வின்டோஸ் ஃபைல்ல வரி முடிவுல இருக்கற ரெண்டு பைட்டு ஒண்ணா சுருங்கிடும், படம் ஜிப் மாதிரி ஃபைல்னா யூனிகோட்டீகோட்எரரே வந்துடும். கிட்ல இருந்து எடுத்த ஃபைல் வின்டோஸ்லயும் லினக்ஸ்லயும் வேற ஹாஷ் தருதுன்னா கிட்டோட ஆட்டோசிஆர்எல்எஃப் செட்டிங் வரி முடிவை மாத்தியிருக்கும், அப்ப உங்க ஸ்கிரிப்ட் மேல தப்பு இல்ல, ஃபைலே வேற.

எந்த ஃபைல் குடுத்தாலும் ஒரே ஹாஷ் வருதா? அது ஷா256ல ஈ3பி0சி442ன்னோ, எம்டி5ல டி41டி8சிடி9ன்னோ ஆரம்பிச்சா அது காலி டேட்டாவோட ஹாஷ். ஒரு தடவை ரீட் பண்ண ஃபைலை திருப்பி ரீட் பண்ணியிருப்பீங்க, கர்சர் கடைசில நிக்கும், வர்றது வெறும் காலி. யூசர் ரெண்டு மூணு அல்காரிதம் ஒண்ணா கேக்கற ஸ்கிரிப்ட்ல இது சகஜம், முதல் அல்காரிதம் சரியா இருக்கும், மத்தது எல்லாம் காலி ஹாஷ். ஒவ்வொரு தடவையும் சீக் 0 போடுங்க, இல்லைன்னா ஒரே லூப்ல துண்டு துண்டா படிச்சு எல்லா ஆப்ஜெக்டுக்கும் அந்த துண்டை அப்டேட் பண்ணுங்க. பெரிய ஐஎஸ்ஓ ஃபைலை மொத்தமா ரீட் பண்ணி மெமரிஎரர் வாங்கறதும் இந்த துண்டு வழில நின்னுடும். பைத்தான் 3.11ல இருந்து ஹாஷ்லிப்.ஃபைல்_டைஜஸ்ட்னு இருக்கு, பைனரியா திறந்த ஃபைலையும் அல்காரிதம் பேரையும் குடுத்தா துண்டு துண்டா படிக்கற வேலைய அதுவே பாத்துக்கும்.

அறிகுறி: கண்ணால பாத்தா ஒண்ணு, ஸ்கிரிப்ட் மட்டும் பொருந்தலைங்குது

பவர்ஷெல்லோட கெட்-ஃபைல்ஹாஷ் பெரிய எழுத்துல தரும், ஹெக்ஸ்டைஜஸ்ட் சின்ன எழுத்துல தரும். ரெண்டு பக்கமும் ஸ்ட்ரிப், லோயர் போடுங்க. டைஜஸ்ட்டையும் ஹெக்ஸ்டைஜஸ்ட்டையும் ஒப்பிட்டிருந்தா ஒண்ணு பைட்ஸ், ஒண்ணு ஸ்ட்ரிங், என்னைக்கும் பொருந்தாது. இன்னொண்ணு, ஹாஷோட நீளத்தை வெச்சு அல்காரிதத்தை ஊகிக்கற கோட் எழுதியிருந்தா கவனம். 32 எழுத்துன்னா எம்டி5, 40ன்னா ஷா1ன்னு ஓரளவு போகலாம், ஆனா 64 எழுத்து ஷா256ஆவும் இருக்கலாம், ஷா3_256ஆவும் இருக்கலாம், பிளேக்2எஸ்ஆவும் இருக்கலாம். யூசர்கிட்ட கேட்டுடுங்க.

அறிகுறி: ஒவ்வொரு தடவை ஓட்டறப்பவும் வேற நம்பர்

ஹாஷ்லிப் இல்லாம பைத்தானோட சொந்த ஹாஷ் ஃபங்ஷனை கூப்பிட்டிருக்கீங்க. அது டிக்ஷனரிக்கு உள்ள வேலைக்கு, 3.3ல இருந்து ஸ்ட்ரிங்குக்கு ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேற வேற விதை போடும். சேமிச்சு வைக்கற எதுக்கும் அது ஆகாது.

அறிகுறி: ஷா256ங்கற அட்ரிப்யூட்டே இல்லைங்குது

எரர்ல "பார்ஷியலி இனிஷியலைஸ்ட் மாட்யூல்"னு இருக்கா? உங்க ஸ்கிரிப்டுக்கே ஹாஷ்லிப்.பைன்னு பேரு வெச்சிருக்கீங்க, அது தன்னையே இம்போர்ட் பண்ணுது. பேரை மாத்துங்க.

அறிகுறி: எரர் இல்ல, ஆனா யூசர் எம்டி5 எடுத்து பாஸ்வேர்டை ஹாஷ் பண்றாரு

இதையும் கோளாறாத்தான் பாக்கணும், மெனுல போட்டது நாமதானே. எம்டி5க்கு மோதல், அதாவது வேற வேற டேட்டாவுக்கு ஒரே ஹாஷ் வர்றதை கண்டுபிடிச்சு காட்டுனது 2004ல, சீனாவுல வாங் ஷியாவ்யுன் குழு. 2012ல வெளிய வந்த ஃப்ளேம் வைரஸ் எம்டி5 மோதலை வெச்சே மைக்ரோசாஃப்ட் கையெழுத்து போட்ட மாதிரி சர்டிஃபிகேட் செஞ்சுக்கிச்சு. ஷா1க்கு 2017 பிப்ரவரில ஆம்ஸ்டர்டாம் சிடபிள்யூஐயும் கூகுளும் சேந்து ஒரே ஹாஷ் வர்ற ரெண்டு வேற வேற பிடிஎஃப் போட்டு காட்டுனாங்க. அதனால இந்த ரெண்டையும் பழைய செக்சம் சரிபாக்க மட்டும்னு மெனுல பக்கத்துலயே எழுதி வைங்க, டீஃபால்ட்டா ஷா256 வைங்க, யூசர் வெறும் எண்டர் அழுத்துனா அது போகட்டும்.

பாஸ்வேர்டுக்கு இந்த மெனுவே வேண்டாம். ஷா256உம் அங்க தப்புதான், அது ரொம்ப வேகமானது, திருடுனவன் கிராஃபிக்ஸ் கார்டை வெச்சு நொடிக்கு கோடிக்கணக்குல முயற்சி பண்ணலாம். ஹாஷ்லிப்லயே எஸ், சி, ஆர், ஒய், பி, டின்னு எழுதற (நாம எழுதற ஸ்கிரிப்ட் இல்ல) ஃபங்ஷன் ஒண்ணு இருக்கு, வேணும்னே மெதுவா ஓடி மெமரியையும் நிறைய தின்னும்படி செஞ்சது, அதை எடுங்க. பாஸ்வேர்டோட சேக்கற ரேண்டம் பைட்ஸான சால்ட்டை ஓஎஸ்.யூரேண்டம்ல இருந்து 16 பைட் எடுத்து ஒவ்வொரு ஆளுக்கும் தனியா போடுங்க, சால்ட், அளவுகள், அல்காரிதம் பேரு மூணையும் ஹாஷ் பக்கத்துலயே சேமிங்க. நாளைக்கு அல்காரிதம் மாத்தணும்னு வந்தா பழைய ஆளுங்க லாகின் பண்றப்ப அந்த பேரை பாத்து பழைய வழில சரிபாத்துட்டு அங்கயே புது வழில திருப்பி சேமிச்சுக்கலாம்.